பெய்லாவுக்கு முகம் வைத்தவர்கள்

இன்று கடையில் ஒரு வெள்ளை மைப் போத்தல் கைதவறி விழுந்து உடைந்தது. தட்டச்சில் பிழை வந்தால் சின்னத் தூரிகையால் பூசி மறைப்போமே, அந்த மை. நிலத்தைத் துடைக்கக் குனிந்தேன். மணம் மூக்கில் ஏறியது. துணியை அப்படியே போட்டுவிட்டு வாசலில் போய் நின்றேன். மயக்கமோ என்று முதலாளி கேட்டார். மயக்கமில்லை, அருவருப்பு என்று சொன்னால் அவருக்கு விளங்காது. தலையாட்டிவிட்டு வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ போய் நாலைந்து வருடமாகிறது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

உனக்குத் தமிழ் தெரியாது. தெரிந்திருந்தாலும் இதை நீ வாசிக்கப்போவதில்லை. ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன், கவுன்சிலுக்கு முறைப்பாடு எழுதுவது போல வருகிறது. நாம் இருவரும் பேசியது ஆங்கிலம். உன் அப்பா பேசியது, நாற்பது வருடம் லண்டனில் இருந்தும் போலந்தை விட்டு வராத ஓர் ஆங்கிலம். ஆனால் எனக்கு நினைவில் நிற்பதெல்லாம் யாழ்ப்பாணத் தமிழில்தான் நிற்கிறது. அதனால் இந்த மடலில் நீயும் அவரும் எங்கள் ஊர்க்காரர் போலக் கதைப்பீர்கள். பொறுத்துக்கொள்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு மழைநாள், கிங்ஸ்பரி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் போட்டோகொப்பிக் கடைக்கு நீ வந்தாய். தலை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது, கையில் இருந்த பெரிய கறுப்பு மட்டைப்பை மட்டும் நனையவில்லை. உள்ளே பெரிய தாள்கள். ஒவ்வொன்றிலும் கட்டம் கட்டமாகப் படங்கள், படங்களுக்குள் பேச்சுக் குமிழிகள். பாதியளவாகச் சுருக்கிப் பிரதி எடுக்க வேண்டும் என்றாய். மெஷினில் வைத்து எடுத்தேன். ஒரு கட்டத்தில் ஒரு சிறுமி நின்றாள். பின்னல் இருந்தது, கோட் இருந்தது, காலுக்குப் பெரிய சப்பாத்து இருந்தது. முகம் இருக்க வேண்டிய இடம் வெறும் வெள்ளையாக இருந்தது. வெளிர்நீலப் பென்சிலால் போட்ட கோடுகளை எங்கள் மெஷின் பிடிக்காது. அப்படி ஏதோ என்று நினைத்து, கருமையைக் கூட்டி இன்னொன்று எடுத்தேன். இன்னும் கூட்டி இன்னொன்று. தாள் முழுக்கச் சாம்பல் நிறம் ஏறியதே தவிர முகம் வரவில்லை.

"மெஷினிலை பிழையில்லை. அது அப்பிடித்தான்," என்றாய்.

"முகத்தைக் கீற மறந்திட்டியளோ?"

"மறக்கேல்லை. கீறக்கூடாது எண்டு அப்பா சொல்லியிருக்கிறார்."

அந்த வாரமே உன் வீட்டுக்கு வந்தேன். கடையிலிருந்து நடக்கிற தூரம்தான். உன் அப்பா சமையலறை மேசையில் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தார். ஒரு தையல் தொழிற்சாலையில் துணி வெட்டி ஓய்வு பெற்றவர், கழுத்துப் பட்டி வரை பொத்தான் போட்ட சட்டை. யுத்தகாலத்தில் யூதரை அடைத்த நாஜிகளின் முகாமிலிருந்து அவர் வீட்டில் மிஞ்சியவர் அவர் ஒருவர்தான் என்றும், அவருடைய கதையைத்தான் நீ வரைகிறாய் என்றும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிய வந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் உன்மேல்தான் அருவருப்பு வந்தது. எங்கள் ஊரில் படக்கதை என்றால் சோதனை நேரத்தில் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வைத்து வாசிக்கிற சாமான். ஒரு குடும்பமே செத்த கதையைப் போய் யாராவது அதில் சொல்வார்களா என்று உன்னிடமே கேட்டேன்.

நீ கோபிக்கவில்லை. "வசனமா எழுதினா நான் ஒளிச்சுப்போடுவன்," என்றாய். "'அப்பா அறைக்குள்ளை போனார்' எண்டு எழுதிப்போட்டு அங்காலை போயிடலாம். கீறுறதெண்டா கதவு எந்தப் பக்கம் எண்டு தெரியவேணும். அதை அவரைத்தான் கேக்கவேணும்."

நீ கேட்கிற விதத்தை அதன்பிறகு பல ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அந்த நேரம் உங்களுக்கு எப்படி இருந்தது என்று கேட்டால் அவர் "சூப் ஆறுது" என்பார். கதவு எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டால் எழும்பிவிடுவார். நாற்காலிகளை இழுத்து வைப்பார். "இஞ்சை கதவு. இதிலை வாளி. இதிலை நான் படுக்கிறது. இதிலை என்ரை தமையன், அவன் அண்டைக்கு எழும்பேல்லை." கதவைப் பற்றிக் கேட்ட கேள்விக்குள்ளால் தமையன் செத்த செய்தி வந்துவிடும். நீ தலை நிமிராமல் வரைந்துகொண்டே "வாளி உயரமோ, கட்டையோ?" என்று அடுத்ததைக் கேட்பாய். படக்கதை ஏன் என்று நான் பிறகு உன்னைக் கேட்டதில்லை.

அவர் தன்னை நல்லவராகக் காட்டும்படி ஒரு நாளும் கேட்கவில்லை. பக்கத்தில் படுத்திருந்தவனின் சப்பாத்தை அவர் கழற்றிய கதையை நீ வரைந்து காட்டினாய். படத்தில் அந்த மனிதன் செத்துக் கிடந்தான். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டுத் தாளைத் தள்ளினார். "அவன் சாக முந்தியே கழட்டினனான். முந்தி எண்டு கீறு." நீ திரும்ப வரைந்தாய், அந்த மனிதனுக்குக் கண் திறந்திருந்தது. "ஓம், இப்ப சரி," என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

ஒரே ஒரு நிபந்தனைதான் அவர் போட்டது. அதை எனக்கு முன்னாலேயே இன்னொரு தரம் உனக்குச் சொன்னார். "தலைப் பேனைக் கீறு, மலத்தைக் கீறு, என்ரை களவைக் கீறு. பெய்லாவின்ரை முகத்தை மட்டும் கீறாதை." பெய்லா அவருடைய கடைசித் தங்கை. பின்னலின் நுனியைக் கடிக்கிற பழக்கம் உள்ளவள். அவள் நின்ற வரிசை அவருக்கு முன்னால் நகர்ந்து போனது, அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுடைய ஒரு படம்கூட உலகத்தில் எங்கும் இல்லை. "என்னட்டை மிச்சம் இருக்கிறது அது ஒண்டுதான், பிள்ளை," என்று என் பக்கம் திரும்பிச் சொன்னார். "கண்ணை மூடினா வருவாள். இவள் கீறினாளெண்டா, பேந்து இவள் கீறின படம்தான் வரும்." அதனால் புத்தகம் முழுவதும் பெய்லா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள், அல்லது முகம் வெள்ளையாக நின்றாள். கடைசிப் பக்கத்தில் ஒரு பெரிய கட்டம், உள்ளே ஒன்றுமே இல்லை.

நான் அன்றைக்கு என் கைப்பையிலிருந்து எங்கள் குடும்பப் படத்தை எடுத்து மேசையில் வைத்தேன். அப்பா, அம்மா, நான், எனக்குப் பக்கத்தில் ஒரு வட்ட ஓட்டை. என் தம்பியை ராணுவம் ஒரு சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போய்த் திருப்பித் தரவில்லை. அதற்கு முதலே, வீட்டைச் சோதிக்க வருகிறார்கள் என்றவுடன் அம்மா அவனுடைய படங்களையெல்லாம் அடுப்பில் போட்டார். வயசுப் பிள்ளையின் படம் வீட்டில் இருந்தால் அதை வைத்தே தேடுவார்கள் என்ற பயம். இந்தக் குடும்பப் படத்தை எரிக்க மட்டும் மனம் வராமல், கத்தரிக்கோலால் அவன் முகத்தை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொண்டார். உன் அப்பா அந்த ஓட்டையை நெடுநேரம் பார்த்தார். பிறகு எனக்கும் ஒரு கோப்பையில் சூப் ஊற்றினார்.

வெளியே வந்து உன்னிடம் கேட்டேன். "நான் சொல்லுறன், நீ கீறு. அந்த ஓட்டையை அடைச்சுத் தா."

"மாட்டன்."

"ஏனடி? உன்னாலை ஏலும்தானே?"

"ஏலும். அதுதான் பயம். நீ சொல்லுற மூக்கும் நான் கீறுற மூக்கும் ஒண்டாகாது. நாளைக்கு நான் கீறினவன்தான் உனக்குத் தம்பியா இருப்பான்."

எனக்கு எரிச்சல் வந்தது. வெள்ளைக்காரி, உனக்கென்ன தெரியும் என்றுகூடச் சொன்னேன். கொஞ்சநாள் உன் தாள்களை வாங்கி மெஷினில் வைத்தேனே தவிர உன் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு நீ ஒரு டப்பா நிறைய ஆப்பிள் கேக் கொண்டுவந்தாய், அது அடியில் கருகியிருந்தது, இரண்டு பேரும் சுரண்டித் தின்றோம். உனக்கும் எனக்கும் சமையல் அந்த மட்டில்தான்.

புத்தகம் முடிய மூன்று வருடம் பிடித்தது. பதிப்பாளர் கிடைத்தபோது நீ கடைக்குள் வந்து மெஷினைக் கட்டிப்பிடித்தாய். உள்பக்கங்களின் அச்சுப் பிரதியை உனக்குக் காட்டினார்கள், நீ ஒரு கோட்டைக்கூட விடாமல் பார்த்தாய். அட்டைக்கு முதுகு காட்டி நிற்கும் பெய்லாவின் படத்தைக் கொடுத்திருந்தாய். அச்சகத்தில் தாமதம், புத்தகங்கள் நேரே வெளியீட்டு மண்டபத்துக்கு வந்துவிடும் என்று கடைசி வாரத்தில் சொன்னார்கள். நீ அதைப் பெரிதாக எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அந்த மண்டபத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் காறித் துப்ப வேண்டும் போலிருக்கிறது. குச்சியில் குத்திய சீஸ், ஒலிவ் பழம், வைன். சிரிப்புச் சத்தம். சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு முகம். பெரிய கண்கள், கண்ணுக்குள் ஈரம், கன்னத்தில் குழி, தலையில் சிவப்பு ரிபன். கிறிஸ்மஸ் காலத்தில் பிஸ்கட் டின் மூடியில் சிரிக்குமே ஒரு பிள்ளை, அச்சு அசல் அதுதான். அதற்குக் கீழே நீ வைத்த தலைப்பும் உன் பெயரும். மேசையில் அடுக்கியிருந்த புத்தகங்களின் அட்டையிலும் அதே முகம். நீ ஒன்றை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாய். நீ ஒன்றும் வரையாமல் விட்ட கட்டத்துக்குள்ளும் அது உட்கார்ந்திருந்தது. 

உன் அப்பா தன்னிடம் இருந்த நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, தொப்பியைக் கையில் பிடித்தபடி சுவருக்கு முன்னால் நின்றார். "ஆர் இந்தப் பிள்ளை?" என்று கேட்டார்.

மஞ்சள் டை கட்டிய பதிப்பாளர் அவர் தோளில் கை போட்டார். எல்லோரும் எனக்கு நினைவில் யாழ்ப்பாணத் தமிழ் பேச, அந்த மனிதர் மட்டும் வானொலியில் செய்தி வாசிப்பவர் போலத்தான் பேசுகிறார். "ஐயா, இவர்தான் உங்கள் சகோதரி."

சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். ஒரு பெண் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டு, அதே கையால் இன்னொரு சீஸ் குச்சியை எடுத்தாள். உன் அப்பா என் பக்கம் திரும்பினார். வீட்டுக்குப் போகலாமா என்று என்னிடம் கேட்டார். ஸ்டேஷன் வரைக்கும் தொப்பியைத் தலையில் வைக்க மறந்துபோய்க் கையிலேயே கொண்டு வந்தார்.

ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. நீ பென்சில் சீவிக்கொண்டிருந்தாய், வரைய ஒன்றும் இல்லாவிட்டாலும் சீவுவாய். அவர் சூப் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார். "இப்ப அவள்தான் வாறாள்."

"ஆரப்பா?"

"அந்த ரிபன் கட்டினவள். கண்ணை மூடினா அவள் வந்து நிக்கிறாள். பெய்லாவுக்கு ரிபன் ஏது? துரத்திப் பாத்தன், போறாளில்லை. பின்னல் வருது, சப்பாத்து வருது, முகத்துக்கு வர அவள்தான் நிக்கிறாள்." தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். "ஐம்பது வரியமாக் கொண்டு திரிஞ்சனான். எங்கை விட்டனோ தெரியேல்லை."

தான் எங்கேயோ விட்டுவிட்டார் என்று அவர் நினைத்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. சுடுகாட்டில்கூட விடாமல் காப்பாற்றிக்கொண்டு வந்ததை, லண்டனில் வைன் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு பிடுங்கினார்களே, அதைத் திருட்டு என்று ஒருவனும் சொல்லவில்லை. பத்திரிகைகள் நெஞ்சைத் தொடும் முகம் என்று எழுதின. அந்த வெட்டுத்துண்டுகளைப் பதிப்பகம் உனக்குத் தபாலில் அனுப்பி வைத்தது.

மறுநாள் பதிப்பாளரைப் பார்க்கப் போனோம். பக்கத்தில் ஒரு ஆள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் என்ன செய்வேனோ தெரியாது என்று சொல்லி என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். தேநீர் வந்தது. நீ நடந்ததைச் சொன்னாய். அவர் தலையை ஒரு பக்கம் சரித்துக் கேட்டார். ஒப்பந்தப்படி அட்டை தங்கள் பொறுப்பு என்றார். கடைசிப் பக்கம் என்று நீ கேட்டாய். "வெறுங் கட்டமாக விட்டிருந்தால் அச்சுப் பிழை என்று எண்ணி மக்கள் புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவந்திருப்பார்கள். வாசகருக்கு நேசிப்பதற்கு ஒரு முகம் தேவைப்படுகிறது." முகத்தைப் பார்த்தால்தான் ஒரு பிள்ளை செத்ததற்கு இரங்குவார்களா என்று நான் கேட்டேன். அவர் பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார். பிறகு உன்னைப் பார்த்துச் சொன்னார், மிகவும் அன்பாகத்தான் சொன்னார்: "உங்கள் தந்தைக்கு வயதாகிவிட்டது. நினைவு எப்படியும் மங்கத்தான் செய்யும். இனி அவருக்கு ஒரு முகமாவது இருக்கிறதே."

சீ. இன்றைக்கும் அந்த வசனம் காதில் விழுந்தால் எனக்குக் குளிக்க வேண்டும் போலிருக்கும். கெட்டவன் என்றால் சண்டை பிடிக்கலாம். அந்த மனிதர் தான் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாகவே நம்பினார். நீ எழும்பினாய். அவர் அலமாரியில் இருந்த உன் புத்தகங்களை ஒன்று விடாமல் எடுத்து என் கையிலும் உன் கையிலும் அடுக்கினாய். அவர் வாய் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். கை நிறையப் புத்தகத்தோடு போகிறோமே என்று வரவேற்பு மேசைப் பெண் ஓடிவந்து கதவைத் திறந்து பிடித்தாள்.

அன்று எங்கள் கடை மூடிய பிறகு, வெள்ளை மைப் போத்தல்களை மேசையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு புத்தகமாக அழித்தோம். நீ ஓவியக்காரி, ஓரம் தவறாமல் பூசினாய். நான் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போல அடித்தேன். அது முடிந்ததும் நீ தலை நிமிர்ந்து, "கடையளிலை கிடக்கிறது?" என்றாய். அடுத்த சனிக்கிழமை தொடங்கினோம். நகர நடுவில் இருக்கிற பெரிய புத்தகக்கடைகள். நீ மறைத்து நிற்பாய், நான் பூசுவேன். பிறகு நான் மறைத்து நிற்பேன். போத்தலை என் கையுறைக்குள் வைத்திருப்பேன். அந்த மணத்தில் இரண்டு பேருக்கும் தலையிடி வரும். பஸ்ஸில் திரும்பி வரும்போது காரணமில்லாமல் சிரிப்போம்.

மூன்றாவது கடையிலோ நாலாவது கடையிலோ பிடிபட்டோம். காவலுக்கு நின்ற மனிதர் என் பின்னால் வந்து நின்றதை நான் காணவில்லை. சீருடையும் தொப்பியும் போட்ட எங்கள் ஆள், ஐம்பது வயதிருக்கும்.

"என்ன அக்கா செய்யிறியள்?" என்றார் மெல்ல. என்னைவிட வயது கூடியவர், அந்தப் பயத்தில் நான் அக்காவாகிவிட்டேன். "மேலை கமரா இருக்கு. என்ரை வேலை போயிடும்."

"அண்ணை, இது பொய்ப் படம். அழிக்கிறம்."

அவர் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். பாதி முகம்தான் அழிந்திருந்தது. "வடிவான பிள்ளையா இருக்குது. ஆர் இது?"

"ஒருத்தருமில்லை."

"ஒருத்தருமில்லாட்டி ஏன் அழிக்கிறியள்?"

"அதாலைதான் அண்ணை."

அவர் உன்னையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். இரண்டு பேருக்கும் விசர் என்று முடிவு கட்டியிருப்பார். வாசல் வரைக்கும் கூட்டி வந்து விட்டுவிட்டு, "இஞ்சாலைப் பக்கம் வராதேங்கோ," என்றார். பிறகு கதவை மூடும் முன் தணிந்த குரலில், "அட்டையிலை உது நிக்காது. பளபள அட்டை. நகத்தாலை தட்ட விழுந்துபோம்," என்று கையிலேயே இருந்த புத்தகத்தில் தட்டிக் காட்டினார். அவர் விரல் பட்ட இடத்தில் வெள்ளை மை செதிலாக உரிந்து விழுந்தது. அடியில் இருந்து ஒரு கண் பார்த்தது. கடைசிப் பக்கத்தில்தான் மை ஊறி நின்றது. அட்டையில் நாங்கள் அழித்ததையெல்லாம் யாரோ ஒரு வாசகர் நகத்தால் சுரண்டி, அச்சுப் பிழை நீங்கியது என்று சந்தோஷப்பட்டிருப்பார்.

அதோடு நிறுத்தினோம். புத்தகம் அடுத்த பதிப்புக்குப் போனது. நீ அதன்பிறகு ஒரு கட்டமும் வரையவில்லை. வயிற்றில் கட்டி என்றார்கள், ஒரு வருடம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தாய். கடைசி முறை உன்னைப் பார்த்தபோது முகம் வற்றி, தலைமயிர் போய், நீயென்று அடையாளம் தெரியாமல் இருந்தாய். "இதை வைச்சுக்கொள்ளாதை," என்று உன் முகத்தைக் காட்டிச் சொன்னாய். "மழையிலை வந்தன் எல்லோ, அதை வைச்சிரு." வைத்திருக்கிறேன்.

உன் செத்தவீட்டுக் கிழமையில், துக்கம் காக்கும் ஏழு நாளும், உங்கள் யூத வழக்கப்படி கண்ணாடிகளையெல்லாம் துணியால் மூடியிருந்தார்கள். உன் அப்பா தாழ்வான ஒரு முக்காலியில் இருந்தார். வந்தவர்களில் யாரோ உனக்கு மரியாதை என்று நினைத்து மேசையில் உன் புத்தகத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். முகம் தெரியும்படி. வீட்டில் இருந்த அத்தனை கண்ணாடியையும் மூடத் தெரிந்தவர்களுக்கு இதை மூடத் தெரியவில்லை. நான் போய் அதைக் கவிழ்த்து வைத்தேன். உன் அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"விடு, பிள்ளை. அதுகும் பாவம்."

"எது?"

"அந்த ரிபன்காரி. எங்கேயோ கிடந்து என்னட்டை வந்து நிக்குது. முந்தித் துரத்தினனான். இப்ப என்னைத் தவிர அதுக்கு ஆர் இருக்கினம்? இரவிலை போய்ப் படு எண்டு சொல்லுறனான்." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "பெய்லா வரமாட்டாள். அவளுக்குக் கோபம்."

அவர் அதிக காலம் இருக்கவில்லை. நீ இல்லாத வீட்டில் அந்த ரிபன் கட்டிய பிள்ளையோடு ஒரு குளிர்காலம் இருந்துவிட்டுப் போனார்.

இதற்கெல்லாம் பிறகுதான் என் அம்மா லண்டனுக்கு வந்தார். கொழும்பில் விசாவுக்காகக் காத்திருந்து காத்திருந்து, என் பிள்ளைகள் வளர்ந்த பிறகு வந்து சேர்ந்தார். வந்த முதல் கிழமையே அந்த ஓட்டைப் படத்தை என்னிடம் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டிருந்தார். தம்பிக்குத் திவசம் வருகிறது, படம் இல்லாமல் பிள்ளைக்கு எப்படி மாலை போடுவது என்று அழுதார். கிழக்கு லண்டனின் ஃபாரஸ்ட் கேட் பகுதியில் எங்கள் ஆட்களின் ஸ்டூடியோ ஒன்று இருக்கிறது. படம் இல்லாமல் செத்தவர்களுக்கு அங்கே படம் செய்து கொடுப்பார்கள். இப்படிக் கேட்டு வருகிறவர்கள் எங்களில் அவ்வளவு பேர். இரத்த உறவில் யாருடைய முகமாவது எடுத்து, மூக்கைக் கொஞ்சம் மாற்றி, தலையை வேறு பக்கம் வாரிவிட்டு, கோட்டும் டையும் போட்டு விடுவார்கள். என் ஒன்றுவிட்ட அண்ணன் அம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். எனக்குச் சொல்லவில்லை.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். சாமி அறையில் ஊதுபத்தி மணம். பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள், மாலையோடு ஒரு பெடியன் இருந்தான். மாமாவின் மகனுடைய தாடை, யாருடையதோ தலைமயிர், கண்ணில் ஸ்டூடியோக்காரன் வைத்த ஒரு வெளிச்சப் புள்ளி. எனக்கு வாந்தி வந்தது. பொய்யில்லை, ஓடிப்போய் எடுத்தேன். ஒரு நொடிதான் பார்த்தேன், அதற்குள் அந்தத் தாடை எனக்குள் ஏறிவிட்டதோ என்று பயந்து கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு குளியலறைத் தரையில் இருந்தேன். தம்பி சைக்கிளில் வருவதை, பல்லுக்குப் பின்னால் நாக்கை வைத்துக்கொண்டு சிரிப்பதை, ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். வந்தான். அவன்தான்.

வெளியே வந்து கத்தலாம் என்றுதான் வந்தேன். படத்தை எடுங்கோ, எங்கடை தம்பி இவனில்லை என்று சொல்லவேண்டும், நீயும் உன் அப்பாவும் பட்டதையெல்லாம் சொல்லவேண்டும். அம்மா சாமி அறையில் கால் நீட்டி இருந்து அந்தப் படத்தோடு கதைத்துக்கொண்டிருந்தார். "சாப்பிட்டியோ ராசா? அக்கா வந்திட்டாள், பார்." என்னைக் கண்டு முகம் மலர்ந்தார். "எரிச்சுப்போட்டு இவ்வளவு நாளும் கிடந்து துடிச்சனான், பிள்ளை. இண்டைக்குத்தான் அவன் என்னை மன்னிச்ச மாதிரி இருக்கு." அம்மா அன்றிரவு குறட்டை விட்டுத் தூங்கினார். லண்டனுக்கு வந்து அவர் தூங்கி நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று தெரியவில்லை. கேட்கவும் இப்போது வழியில்லை. ஸ்டூடியோக்காரனை நான் மஞ்சள் டைக்காரரோடு சேர்த்து இன்னும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். அருவருப்பு குறையவில்லை. ஆனால் படத்தை எடுக்கவில்லை, எடுக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமைகளில் அம்மா என்னை விளக்கேற்றக் கூப்பிடுவார். நான் போவேன், குனிந்த தலை நிமிராமல் திரியைத் தூண்டுவேன், பூ வைப்பேன், கை கூப்புவேன், குனிந்தபடியே வெளியே வருவேன். தம்பிமேல் அக்காவுக்கு எவ்வளவு பக்தி என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். நான் நிமிர்ந்தால் அவன் போய்விடுவான்.